மூன்றாவது வீடு

லாமெலா
12 ஜனவரி 1997

பெல்மீரோ அவர்களுக்கு,

இருபது வருடம் கழித்து என்னிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. என் கணவர் அனீபால் இறந்தே ஏழு வருடம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விலாசத்தைப் பக்கத்து வீட்டுக் குஸ்தோதியோ மாமாவின் தம்பி மகன் கொடுத்தான். அவனும் பிரான்சில்தான், லியோனில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தான். நீங்கள் க்ளெர்மோனில் இன்னும் கொத்து வேலைதான் பார்க்கிறீர்கள் என்று சொன்னான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் தேசியப் பூங்காவுக்குள் வந்தபோது நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். அதனால் நீட்டி எழுத வேண்டியதில்லை. இப்போது புதிய வரைபடம் போடுகிறார்கள். போன மாதம் பூங்கா அலுவலகத்திலிருந்து தெல்ஃபினா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். நம் படிவயல்களைப் பழைய விவசாய நிலமாக வைத்துக் காப்பாற்றுவதா, காட்டுக்கு விட்டுவிடுவதா என்று இந்த வருடம் முடிவு செய்யப் போகிறார்களாம். காப்பாற்றுவதென்றால் வாய்க்காலை அவர்களே சரிசெய்து தருவார்கள், சரிந்த கல்கட்டுகளை எடுத்துக் கட்ட ஆள் அனுப்புவார்கள். காட்டுக்கு விட்டால் அதன் பிறகு ஏர் மேலே ஏறக்கூடாது.

ஒரு நிபந்தனை இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரில் குறைந்தது மூன்று வீட்டார் பயிர் செய்ய வேண்டும். இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலைத் தூர்வார மூன்று வீடாவது இல்லாமல் முடியாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இப்போது லாமெலாவில் அடுப்பெரிவது குஸ்தோதியோ மாமா வீட்டிலும் என் வீட்டிலும் மட்டும். மற்ற வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரை இருப்பது உங்கள் வீட்டுக்கு. மேல் படிகள் நான்கும் உங்களுடையவை.

ஜூன் கடைசியில் வந்து பார்ப்பார்களாம். யோசித்து எழுதுங்கள்.

சுல்மீரா


க்ளெர்மோன்
2 பிப்ரவரி 1997

சுல்மீரா,

என்னை எப்போதிலிருந்து 'நீங்கள்' என்கிறாய்? உன் கையெழுத்தை உறை மேலேயே அடையாளம் கண்டுவிட்டேன். பிரித்துப் பார்த்தால் தாசில்தாருக்கு மனுப் போட்ட மாதிரி இருந்தது.

அனீபால் விஷயம் தெரியும். அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து உன் பெயரைக்கூட எழுதினேன். அதற்குமேல் எழுத வரவில்லை. நல்ல மனிதன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் அடி வாங்கிவிட்டு வாத்தியாரிடம் கோள் சொல்லாதவன் அவன் ஒருவன்தான்.

நிலத்தை நீயே வைத்துக்கொள். எந்தக் காகிதம் வேண்டுமோ அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்கு அந்த நான்கு படியும் வேண்டாம். இங்கே நாலாவது மாடியில் இருக்கிறேன். பால்கனியில் நின்றால் கார் நிறுத்துமிடம் தெரியும். என்னோடு இருந்த ஒதீல் என்னை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் வைத்துவிட்டுப் போன செடிகளையே என்னால் காப்பாற்ற முடியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காடாகப் போனால்தான் என்ன? ஓக் மரம் வரும், மான் வரும். யாருக்கும் முதுகு வலிக்காது. என் அப்பா அந்தப் படிகளில் குனிந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார்.

உனக்கு வேண்டியது நான் இல்லை, ஒரு புகைக்கூண்டு. அது எனக்குப் புரிகிறது. புரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலத்தில் இரண்டு பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு, உன் நிலம் எப்போதும் அவனைவிட ஒரு படி மேலே என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

பெல்மீரோ


லாமெலா
20 பிப்ரவரி 1997

சரி, நீ என்றே எழுதுகிறேன். நீ, நீ, நீ. போதுமா?

நிலத்தை எழுதி வாங்கினால் ஆகாது. நான் அதைக் கேட்காமல் இருப்பேனா? தெல்ஃபினாவிடம் கேட்டேன். "ஒருத்தரே மூணு வீட்டுக்கும் அடுப்பு மூட்டறது கணக்குல வராதும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா. நல்ல பெண். முப்பது வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே சேற்றில் விழுந்து எழுந்தாள். ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

காட்டின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அதோடுதான் இருக்கிறேன். ஓநாய் போன மாதம் கன்று ஒன்றைக் கொண்டுபோனது, அதற்காக ஓநாயைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. உன் அப்பாவின் முதுகைப் பற்றி நீ எழுதியதும் உண்மை. என் முதுகும் அப்படித்தான் ஆகிவருகிறது. ஆனால் யாரும் என்னைக் கட்டிவைத்து வேலை வாங்கவில்லை, பெல்மீரோ. மே மாதம் மடையைத் திறந்ததும் தண்ணீர் முதல் படியில் பரவி இரண்டாவதற்கு இறங்கும் அல்லவா, அதற்கு முன்னால் மண்வெட்டியோடு நடந்து போவது எனக்குப் பிடிக்கும். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன்.

பாலத்தைப் பற்றி எழுதிவிட்டாய். நானும் எழுதிவிடுகிறேன். அன்று காலையில் மாடு கன்று ஈன்றது என்று பிறகு ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஈன்றது உண்மைதான், ஆனால் நான் வராததற்கு அது காரணமில்லை. வரமாட்டேன் என்று முந்தின நாளே எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்ல வேண்டுமானால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அதனால் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பாதது தப்பு. இருபது வருடமாகத் தப்பு.

உன் நிலம் உன்னைவிட ஒரு படி மேலே என்று எழுதியிருந்தாய். உன் படிகள்தான் மேலே இருக்கின்றன, என்னுடையவை கீழே. வரைபடத்தில் பார்த்துக்கொள்.

சுல்மீரா


க்ளெர்மோன்
31 மார்ச் 1997

சுல்மீரா,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ரயிலில் எழுதுகிறேன், ஆடுகிறது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இந்த மாதம் படிக்க நேரம் நிறைய இருந்தது.

வருகிறேன். ஜூன் பத்தாம் தேதிக்குள். ஒரு வருடமாவது இருக்கிறேன், அப்புறம் பார்ப்போம்.

வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல்களைத் திறந்து வை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுது. நல்லதாக எதுவும் இல்லையென்றாலும் எழுது.

பெல்மீரோ


லாமெலா
27 ஏப்ரல் 1997

பெல்மீரோ,

எவ்வளவு ஆடும் ரயிலாக இருந்தாலும் இப்படியா கோழி கிளறின மாதிரி எழுதுவாய்? குஸ்தோதியோ மாமாவிடம் காட்டினேன். "பிரான்சுல பள்ளிக்கூடத்துல படிச்சதைக்கூட மறக்க வச்சிட்டாங்க போல"ன்னார்.

வீட்டைத் திறந்தேன். சாவி திரும்பவில்லை. பன்றிக் கொழுப்பைத் தடவி அரை மணி நேரம் போராடினேன். உள்ளே நான் பயந்த அளவுக்கு இல்லை. சமையலறைக் கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறது. மேசை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. கட்டிலைப் பூச்சி அரித்துவிட்டது, அதை வெளியே போட்டேன். உன் அம்மாவின் செப்புப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் என் முகம் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் சமையலறை ஜன்னலிலிருந்து என் வீட்டு வாசல் இவ்வளவு நேராகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் துணி உலர்த்துவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் தெரியும். நீ அங்கே வளர்ந்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். ஒருநாளும் சொன்னதில்லை.

உன் நான்கு படியில் மூன்றை உழுதுவிட்டேன். எனக்கு மாடு இரண்டு, மாமா ஏர் பிடித்தார், வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே. நாலாவது படியில் சுவர் சரிந்து கிடக்கிறது, அதை நீ வந்து பார். மக்காச்சோளம் விதைத்தாயிற்று, கூடவே அவரைக்கொட்டையும். உன் நீர்முறை புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. அது எப்போதும் உன் வீட்டு முறைதான், இத்தனை வருடம் மாமா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டதும், "அவன் வர்றான்னா அவன் தண்ணி அவனுக்கு, நான் என்ன முழுங்கவா போறேன்?"ன்னு கோபப்பட்டார். அப்புறம் விட்டுக்கொடுத்தார்.

பத்தாம் தேதிக்குள் என்று எழுதியிருக்கிறாய். எத்தனையாம் தேதி என்று எழுது. ரொட்டி சுடும் நாளை மாற்றி வைக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

சுல்மீரா


க்ளெர்மோன்
20 மே 1997

சுல்மீரா,

ஜூன் எட்டு, ஞாயிறு. மதியத்துக்கு மேல் பாலத்தில் இறங்குவேன்.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தாய். தெரியும். பதினாறு வயதிலிருந்து தெரியும். அம்மா, "சூப்பு ஆறுது, ஜன்னலையா குடிக்கப்போற?"ன்னு கேட்பாள்.

மக்காச்சோளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது? முழங்கால் வரைக்குமா? ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. இங்கே என் மேசையில் உன் கடிதங்களும் தண்ணீர்க் குவளையும் மட்டும்தான் இருக்கின்றன.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வந்து சொல்கிறேன்.

பெல்மீரோ


லாமெலா
28 ஜூன் 1997

பெல்மீரோ,

எட்டாம் தேதி ரொட்டி சுட்டேன். ஒன்பதாம் தேதி அதைக் குஸ்தோதியோ மாமா சாப்பிட்டார். பத்து, பதினொன்று, பதினைந்து. தந்திகூட அனுப்பவில்லை. நீ செத்துப்போயிருப்பாயோ என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்புறம் லியோனில் இருக்கும் மாமாவின் தம்பி மகனுக்குப் போன் போட்டுக் கேட்டதில் உயிரோடுதான் இருக்கிறாய் என்றான். அன்றிலிருந்து உன் மேல் எனக்கு இரக்கமில்லை.

வியாழக்கிழமை தெல்ஃபினா வந்தாள். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

காலையிலேயே உன் வீட்டுக்குப் போனேன். அனீபாலின் சட்டைகள் இரண்டைத் துவைத்து உன் வீட்டுக் கொடியில் போட்டேன். அவனுடைய பூட்ஸை வாசலில் சேற்றோடு வைத்தேன். அடுப்பை மூட்டி உருளைக்கிழங்கும் கோஸ் இலையும் போட்டு சூப்பை ஏற்றிவிட்டு, அவள் வருகிறாளா என்று பார்க்க உடனே வெளியே வந்துவிட்டேன். மேசையில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. பொய் சொல்வது தப்பு என்று தெரியும். எட்டு படிவயலுக்காக ஒரு பொய் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் முதலில் மாமாவிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"பெல்மீரோ வந்துட்டாரா மாமா?"ன்னு கேட்டாள்.

"வந்துட்டானே! காலைலகூடச் சண்டை போட்டேன்."

"எதுக்கு?"

"தண்ணிக்குத்தான். வேற எதுக்கு அவன்கிட்ட நான் பேசணும்?"

"இன்னைக்கு வியாழக்கிழமைல்ல? அவர் முறை புதன்கிழமைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அதான் சண்டையே!"

கிழவர் இத்தனை அழகாகப் புளுகுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே உன் வீட்டுப் படி ஏறினாள். கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. புகைக்கூண்டில் காக்கைகள் கூடு கட்டி முழுசாக அடைத்து வைத்திருக்கின்றன, நான் பார்க்கவே இல்லை. கூண்டு வழியாகப் போக வேண்டிய புகை முழுக்க சமையலறையில் நின்றது. மூன்று பேரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தோம். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தெல்ஃபினாவின் கண்ணில் நீர் வழிகிறது.

"இந்த அடுப்புல அவர் எத்தனை நாளா சமைக்கிறாரும்மா?"ன்னு கேட்டாள்.

அவளைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னைக்குத்தான், நான்தான் மூட்டினேன். அவர் வரலை. சட்டை என் வீட்டுக்காரரோடது"ன்னு சொல்லிட்டேன்.

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். பிறகு, "சூப்பு என்னாச்சு?" என்று கேட்டாள். உள்ளே போய் எடுத்து வந்தேன். மூன்று பேரும் உன் வாசலில் உட்கார்ந்து, புகை நாற்றம் அடிக்கும் சூப்பைக் குடித்தோம். குடித்து முடித்ததும் சொன்னாள்: "மூணு வீடுன்னு என்னால எழுத முடியாது. ரெண்டு வீடுன்னும் எழுதிட்டு அப்படியே போயிட முடியாது. என்னோட நடங்க."

வாய்க்கால் முழுவதும், மலை உச்சி மடையிலிருந்து கீழே கடைசிப் படி வரை, அவளோடு நடந்தேன். நானும் மாமாவும் எவ்வளவு தூரம் தூர்வார முடியும், எந்தச் சுவரை விட்டால் எது விழும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். முடிவு இலையுதிர் காலத்தில்தான்.

உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நான் அன்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை, அதற்குப் பதிலடியா இது? அப்படியானால் சரி, சமமாகிவிட்டது. இனி எழுதாதே.

மக்காச்சோளம் இடுப்புயரம்.

சுல்மீரா


க்ளெர்மோன்
15 ஜூலை 1997

சுல்மீரா,

பதிலடி இல்லை. என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் நினை, இதை மட்டும் நினைக்காதே.

மார்ச் பதினொன்றாம் தேதி, வேலை நடந்த இடத்தில் கான்கிரீட் பலகை ஒன்று சறுக்கி என் வலது கையின் மேல் விழுந்தது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நான் எழுதியது ரயிலில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது கையால். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலை நேரம் முழுக்கப் பிடிக்கிறது.

உன் பிப்ரவரிக் கடிதம் அங்கே என்னோடு இருந்தது. வருகிறேன் என்று அப்போது எழுதியது பொய் இல்லை. கட்டைப் பிரிக்கும்வரை, கை எப்படியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. தண்ணீருக்கு முன்னால் நீ நடந்து போவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் ஏழாம் தேதி பையைக் கட்டினேன். பையின் வாரை என்னால் இழுத்து மாட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் மாட்டிக் கொடுத்தான். அப்போது தோன்றியது: சுல்மீரா எதிர்பார்ப்பது ஏர் பிடிக்க ஓர் ஆளை. அந்த இன்ஜினியர் எண்ணுவது மண்வெட்டி பிடிக்கிற ஒரு வீட்டை. நான் வந்தால் சுல்மீரா பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு வாய். பஸ் நிலையம் வரை போனேன். பஸ்ஸில் ஏறாமல் திரும்பிவிட்டேன்.

ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் காரணத்தை எழுத வேண்டியிருக்கும். நீ எழுதியிருந்தாயே, உன் முகத்தைப் பார்த்தால் ஏறிவிடுவேன் என்று. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது புரிகிறது.

உன் பொய்யைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். நான்கு மாதத்தில் முதல் தடவை. அப்புறம் அனீபாலின் சட்டை என் வீட்டுக் கொடியில் ஆடுவதை நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

பெல்மீரோ


லாமெலா
3 ஆகஸ்ட் 1997

பெல்மீரோ,

மார்ச்சிலிருந்து ஜூலை வரை! அறிவு இருக்கிறதா உனக்கு? நான் உன் எழுத்தைக் கேலி செய்து எழுதினேன், மாமாவிடம் வேறு காட்டிச் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் "வலது கையா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். எழுந்து போய் உன் முறைத் தண்ணீரை உன் படிகளுக்குத் திருப்பிவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை.

நான் உன்னை ஏர் பிடிக்கவா கூப்பிட்டேன் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டு என்னுடைய ஜனவரிக் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். ஏர் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அதில் வேறெதுவும் இல்லை. நீ படித்ததில் தப்பில்லை, நான் எழுதியதில்தான் தப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

என்னால் எதையும் நேராகக் கேட்க முடிந்ததில்லை, பெல்மீரோ. அனீபாலிடம்கூட, "சந்தைக்குப் போறியா?"ன்னு கேட்பேன், "என்னோட கொஞ்ச நேரம் உக்காரு"ன்னு அர்த்தம். பாவம், அவன் சந்தைக்குப் போய்விடுவான்.

வலிக்கிறதா? இரவில் தூங்குகிறாயா? யார் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார்கள்? இதற்கெல்லாம் பதில் எழுது. மெதுவாக எழுது, இரண்டு வரி போதும்.

மக்காச்சோளம் என்னைவிட உயரம். கதிர் விட்டுவிட்டது.

சுல்மீரா


லாமெலா
5 அக்டோபர் 1997

பெல்மீரோ,

உன் இரண்டு வரிக் கடிதங்கள் மூன்றும் வந்தன. பொத்தான் இல்லாத கம்பளிச் சட்டைகளாக வாங்கிக்கொண்டாய் என்பதைப் படித்து நிம்மதி.

தெல்ஃபினா நேற்று வந்து முடிவைச் சொன்னாள். தபாலில் அனுப்பியிருக்கலாம், ஆனால் அவளே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் வந்தாள். மேசையில் விரித்து விரலை வைத்துக் காட்டினாள். "மூணு வீட்டுக்கு எழுத முடியலை. அதனால ரெண்டு வீடு எவ்வளவு காப்பாத்த முடியுமோ, அவ்வளவுக்குக் கோடு போட்டிருக்கேன். இதுக்கே அலுவலகத்துல ரெண்டு மாசம் வாதாட வேண்டியிருந்துச்சு"ன்னாள்.

கோட்டுக்குக் கீழே என் படிகளும் மாமாவின் படிகளும். பழைய விவசாய நிலம் என்று எழுதி முத்திரை வைத்துவிட்டார்கள். வாய்க்காலுக்கு ஜனவரியில் ஆள் வருகிறார்கள். சுவர்களையும் எடுத்துக் கட்டுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனபிறகுகூட அதில் யாராவது பயிர் செய்ய வந்தால், அவர்களுக்காக நிலத்தை அப்படியே வைத்திருப்பார்களாம்.

கோட்டுக்கு மேலே உன் நான்கு படிகள். அவை காட்டுக்குப் போகின்றன.

மாமாதான் சொன்னார்: "விடு புள்ள. காட்டுப்பன்னிக்கும் ஒரு எடம் வேணும்ல." சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

உன் மக்காச்சோளத்தை அறுத்தோம். பாதியைப் பன்றிகள் தின்றுவிட்டன, மீதி பாதி நல்ல கதிர். உன் கல் களஞ்சியத்தைக் கழுவிக் காயவைத்து அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கடைசிக் கதிரை ஒடித்தபிறகு மேல் சுவரில் ஏறி நின்று பார்த்தேன். முதலில் பெரணி வரும், அப்புறம் முட்செடி. பத்துப் பதினைந்து வருடத்தில் ஓக் கன்றுகள். அதுவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மே மாதம் மூன்று படியிலும் தண்ணீர் பாய்ந்ததே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்கு மட்டும்தான் அழுதேன். நீ பார்க்கவில்லையே என்று.

வீடு ஊருக்குள் இருப்பதால் அது உன்னுடையதாகவே இருக்கும். புகைக்கூண்டைச் சுத்தம் செய்தாயிற்று.

உன்னை வரச் சொல்ல இனி என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

சுல்மீரா


க்ளெர்மோன்
26 அக்டோபர் 1997

சுல்மீரா,

கடிதம் வந்த அன்று எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். இனி யாரும் என்னிடம் ஏரை நீட்ட மாட்டார்கள் என்று. அப்புறம் கடைக்குப் போனேன், ரொட்டி வாங்கினேன், திரும்பி வரும் வழியில் நடக்க முடியாமல் ஒரு சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நான் வேண்டாம் என்று இருபது வருடம் சொன்ன நிலம். யாராவது வைத்திருக்கும்வரைதான் வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது.

உன் கோடு நல்ல கோடு. அந்தப் பெண்ணிடம் சொல். கொத்தனாகச் சொல்கிறேன், எல்லாவற்றையும் தாங்க முடியாத சுவரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் குறைவு.

இப்போது என் நிலைமை இது. எனக்கு அங்கே நிலம் இல்லை. எண்ணிக்கைக்கு நான் தேவையில்லை. நீ காரணம் இல்லை என்று எழுதிவிட்டாய். நீ ஒன்று சொன்னால் அர்த்தம் வேறாக இருக்கும் என்று ஆகஸ்டில் எழுதினாய், அதனால் அந்தக் கடைசி வரியை எப்படிப் படிப்பது என்று இரண்டு வாரமாக எனக்குத் தெரியவில்லை.

நான் நேராகவே கேட்கிறேன். ஒரு வேலைக்கும் உதவாதவனாக, சும்மா, உன் வாசல் தெரிகிற ஜன்னலில் வந்து உட்காரலாமா?

ஆனால் உடனே முடியாது. மார்ச் வரை வாரத்துக்கு மூன்று நாள் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். விட்டுவிட்டால் கட்டைவிரலும் மடங்காமல் போய்விடுமாம். சாக்கு என்பாய். பாதி சாக்குத்தான். மீதிப் பாதி, நீ என் கையை முதல் தடவை பார்க்கும்போது உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது.

பெல்மீரோ


லாமெலா
7 டிசம்பர் 1997

பெல்மீரோ,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், சிலதை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

நான் லாமெலாவை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் எங்கும் போனதில்லை. அனீபாலை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூடத் தினமும் திரும்பி வந்தேன். நான் போனால் வாய்க்கால் அடைபடும், ஒரு சுவர் சரியும், திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் புதராக நிற்கும், கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பயம் எப்போதும் இருந்தது. பயம் என்று அதற்குப் பெயர் வைத்ததில்லை, வேலை என்றுதான் சொல்லிக்கொண்டேன். போன மாதம் ஒருநாள் காலையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பயம் இல்லை என்று கவனித்தேன். முத்திரை வைத்த காகிதம் அலமாரியில் இருக்கிறது. ஜனவரியில் ஆட்கள் வருகிறார்கள். நான் நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த நிலம் இருக்கும்.

அதனால் நான் வருகிறேன்.

குஸ்தோதியோ மாமாவின் தம்பி மகன் கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி நான்காம் தேதி காரில் திரும்புகிறான். க்ளெர்மோன் வழியாகவே போவானாம். என்னை உன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆகும். மாடுகளை மாமா பார்த்துக்கொள்கிறார். கொத்தர்கள் வந்தால் மேற்பார்வை பார்ப்பதும் அவரே. "ஒரு கல்லு கோணலா வச்சாலும் விடமாட்டேன், நீ போயிட்டு வா"ன்னார். பாவம் அந்தக் கொத்தர்கள். நான் எதற்குப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. உப்பிட்டுக் காயவைத்த ஒரு பன்றித்தொடையை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்து வைத்துவிட்டு, "அவனுக்கு"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டார்.

கையை மூடி வைக்காதே. கதவைத் திறக்கும்போதே காட்டிவிடு. நான் பார்ப்பேன், என் முகம் எப்படிப் போகிறதோ போகும், நீயும் பார்த்துக்கொள். அதோடு அது முடிந்துவிடும். அப்புறம் நான்கு மாடி ஏறி வந்தவளுக்குக் குடிக்க ஏதாவது கொடு.

மார்ச்சில் என்னோடு திரும்பி வா என்று நான் எழுதவில்லை. வாய்விட்டுக் கேட்கப் போகிறேன், நேரில். அதற்குப் பழக வேண்டும் எனக்கு. வழியெல்லாம் காரில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன், அந்தப் பையன் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மாடுகளுக்கு மார்ச் முதல் வாரம் வரைக்கும் வைக்கோல் இருக்கிறது. எனக்கும் அதுவரை நேரம் இருக்கிறது.

சுல்மீரா